தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வராத பாம்பு

நான்கு வருடமாகப் பால் பைத்தான் (ball python) என்ற சிறு மலைப்பாம்பு ஒன்றை வளர்த்துவரும் வாசகி ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் விலக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய பாம்பு பத்து நாட்களாகத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடக்கிறது. சூடு தாங்கவில்லை போலும் என்று நினைத்து, பெட்டியின் வெப்பத்தைக் குறைத்திருக்கிறார். தண்ணீர் மாற்றும்போது கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. கண்ணோரத்திலும் இரண்டு மூன்று ஒட்டியிருந்தன. இந்த முறை சட்டை துண்டு துண்டாகத்தான் உரிந்தது. இரண்டு முறை இரை வைத்தும் தொடவில்லை. யாரோ சொன்னபடி ஆலிவ் எண்ணெய் தடவிக் குளிப்பாட்டினார். மூன்று நாள் ஒன்றையும் காணோம், நான்காம் நாள் மறுபடி வந்துவிட்டன. இப்போது ஒருவர் நாய்க்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தில் ஒரு சொட்டு வாயில் விடச் சொல்கிறார். இன்னொருவர் கரப்பான் ஸ்பிரேயைப் பெட்டிக்குள் அடித்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்கிறார். அதே அறையில் இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய கார்ன் ஸ்நேக் என்ற இன்னொரு வளர்ப்புப் பாம்பும், மகனின் ஆமை ஒன்றும் இருக்கின்றன. ஆறு வயது மகனின் மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகள் தெரிவதால், பாம்பை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளியூர் போகவேண்டும். பாம்புகளைத் தன்னைப் போலவே பாம்பு வளர்க்கும் தோழியிடம் விட்டுப்போவதாக ஏற்பாடு. "நான் சுத்தமாக வைத்துக்கொள்ளாததால்தான் இப்படி ஆனதா? இது உண்ணிதானா, மண்ணில் வரும் பூச்சியா? எதைச் செய்ய, எதை விட?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஐவர்மெக்டின் சொட்டை விடாதீர்கள். கரப்பான் ஸ்பிரேயை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். குறைத்த வெப்பத்தைப் பழையபடி ஏற்றுங்கள். பால் பைத்தானுக்குப் பெட்டியின் சூடான பக்கம் 31 முதல் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்கவேண்டும். கையை வைத்துப் பார்த்துச் சொல்லாமல் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். பாம்பின் உடலில் நோய் எதிர்ப்பு வேலை செய்வதே வெளிச்சூட்டை நம்பித்தான். நோயில் கிடக்கும் பாம்புக்குச் சூட்டைக் குறைப்பது அதன் கையைக் கட்டிப்போடுவதற்குச் சமம்.

நீங்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. பாம்பு தண்ணீரிலேயே கிடப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. பெட்டி அளவுக்கு மீறிச் சூடாக இருக்கலாம், காற்றில் ஈரம் போதாமல் இருக்கலாம், சட்டை உரிக்கும் நேரமாக இருக்கலாம். ஆனால் நாட்கணக்கில் கிடக்கிறது, தண்ணீரின் அடியில் கறுப்புப் புள்ளிகளும் சேர்கின்றன என்றால் நான் முதலில் சந்தேகிப்பது சிற்றுண்ணியைத்தான். செதிலுக்கு அடியில் கடிக்கும் உண்ணிகளிடமிருந்து தப்பிக்கப் பாம்புக்குத் தெரிந்த ஒரே வழி நீரில் மூழ்குவது. மூழ்கும்போது ஒரு பகுதி செத்து அடியில் விழும். மிச்சமுள்ளவை நீருக்கு வெளியே நிற்கும் தலையை நோக்கி ஏறும். நீங்கள் கண்ணோரத்தில் பார்த்தவை அப்படி ஏறியவையாக இருக்கலாம்.

சுத்தக் குறைவு என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். இந்த உண்ணி அழுக்கிலிருந்து உண்டாவதில்லை. இன்னொரு ஊர்வனத்தின் மேல் ஏறியோ, அதைத் தொட்ட கையிலோ உடையிலோ, பழைய பெட்டியிலோ மரத்துண்டிலோ ஒட்டியோதான் வீட்டுக்குள் வரும். இரண்டு மாதத்துக்கு முன் வந்த கார்ன் ஸ்நேக்கை நேராகப் பழைய பாம்பின் பக்கத்தில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் வாசலாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். வாங்கிய இடத்தில் தகவல் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து யார்மேல் தப்பு என்று நிரூபிப்பது கடினம். ஆனாலும் அவர்களிடம் இருக்கும் மற்ற உயிர்களைச் சோதித்துப் பார்க்க அது உதவும்.

அது உண்ணிதானா என்று உறுதிசெய்வது

ஈரமான மரத்தூளிலும் தேங்காய் நார்த்தூளிலும் சின்னஞ்சிறு ஜீவன்கள் பல வரும். மண் உண்ணிகள் வெளுத்த நிறத்தில், மெதுவாக ஊர்ந்துகொண்டு, எச்சத்தின் மேலும் பூஞ்சை பிடித்த இடத்திலும் கூடியிருக்கும். பாம்பின் மேல் தங்காது. வெள்ளையாக இருந்து, தொட்டதும் துள்ளினால் அது வால்துள்ளிப் பூச்சி. இவை இரண்டும் பாம்பின் ரத்தத்தைத் தொடுவதில்லை. இவற்றைப் பார்த்துப் பயந்து மருந்தடித்து, நன்றாக இருந்த பாம்பை நோயாளியாக்கிக் கொண்டுவருபவர்களும் உண்டு. ஆகவே மருந்துக்கு முன் அடையாளம் தெரியவேண்டும்.

பாம்பு உண்ணியின் அறிவியல் பெயர் ஆஃபியோநிஸஸ் நேட்ரிசிஸ். வளர்ந்த பெண் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். பசியோடு இருக்கும்போது மஞ்சள் கலந்த பழுப்பு, ரத்தம் குடித்தபின் கருஞ்சிவப்பு அல்லது கறுப்பு. சுறுசுறுப்பாக ஓடும். நாய்களின் காதில் பிடித்துக்கொண்டு நகராமல் இருக்கும் பெரிய உண்ணி வேறு வகை. அதைப் போன்ற பெரிய உண்ணிகள் பாம்பின் மேலும் வரும், ஆனால் தனித்தனியாகக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதைக் குறட்டால் எடுத்துவிடலாம்.

இன்றிரவு இப்படிச் செய்து பாருங்கள். வெள்ளை டிஷ்யூ பேப்பரை லேசாக நனைத்துக் கையில் பிடித்து, பாம்பைக் கழுத்திலிருந்து வால்வரை அதற்குள் ஊர்ந்துபோக விடுங்கள். பிறகு பேப்பரை விளக்கடியில் விரித்து ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். புள்ளிகளில் ஏதாவது நகர்கிறதா? ஒன்றை நகத்தால் நசுக்கினால் செம்பழுப்பாகத் தீற்றல் விழுகிறதா? இரண்டும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. விழாமல் கறுப்பாகவே உதிர்ந்தால் அது மரத்தூளாகவும் இருக்கலாம். இரண்டு மூன்றைச் செல்லோடேப்பில் ஒட்டி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் நுண்ணோக்கியில் வைத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

பாம்பின் மேல் தேடவேண்டிய இடங்கள் சில. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலுக்கும் அதைச் சுற்றியுள்ள செதில்களுக்கும் நடுவே இருக்கும் பள்ளம், கீழ்த்தாடையின் நடுக்கோடு, கழிவுத் துவாரத்தின் ஓரம், பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாக இருக்கும் வெப்பக் குழிகள். கறுத்த உடம்பில் வெள்ளைச் சாம்பலாகப் பொடி தெரிந்தால் அது உண்ணியின் எச்சம். சில செதில்கள் மட்டும் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் அதன் அடியில் பாருங்கள். இரவு விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய்ப் பார்த்தால் பகலைவிட அதிகம் தெரியும்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் அறிகுறிகள் எல்லாம் ஒன்றையே சுட்டுகின்றன. சோதனைக்குப் பிறகு நீங்களும் அதே முடிவுக்கு வருவீர்கள் என்று நினைக்கிறேன்.

மூன்று நாள் காணாமல் போனது ஏன்

கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்த இடம் இதுதான். எண்ணெய் தடவினேன், மூன்று நாள் ஒன்றுமில்லை, மறுபடி வந்தன என்கிறீர்கள். எண்ணெய் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி அதைவிடக் கடுமையான மருந்தைத் தேடுகிறீர்கள். ஆனால் எண்ணெய் தன்னால் ஆனதைச் செய்தது. அது தொட்ட உண்ணிகள் மூச்சடைத்துச் செத்திருக்கும். நான்காம் நாள் வந்தவை பெட்டியிலிருந்து வந்தவை.

உண்ணி தன் வாழ்நாளில் ரத்தம் குடிக்க மட்டுமே பாம்பிடம் வருகிறது. குடித்துமுடித்த பெண் இறங்கிப்போய், இருட்டாகவும் ஈரமாகவும் இருக்கும் இடுக்கில் முட்டையிடும். ஒரு பெண் தன் ஆயுளில் 60 முதல் 80 முட்டை வரை இடலாம். சில நாளில் முட்டை பொரிந்து ஆறு கால் குஞ்சு வரும். அது எதுவும் சாப்பிடாது. சட்டை மாற்றி எட்டுக் கால் இளநிலைக்கு வந்தபின்தான் முதல் முறை பாம்பைத் தேடி ஏறும். குடித்துவிட்டு இறங்கி, மறுபடி சாப்பாடில்லாத ஒரு நிலையைக் கடந்து, பெரியதாகித் திரும்ப ஏறும். வெப்பத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் இந்தச் சுற்று முடியும். அந்த இளநிலை இரையில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். வளர்ந்தது ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். இணை சேராத பெண் இடும் முட்டைகளிலிருந்தும் ஆண்கள் பிறக்கும். ஒன்றிரண்டு தப்பினாலும் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று நான் எச்சரிப்பது இதனால்தான்.

அதாவது எந்த நேரத்திலும் உங்கள் எதிரியின் பெரும்பகுதி பெட்டியின் இடுக்கிலும், மூடியின் விளிம்பிலும், ஒயர் நுழையும் ஓட்டையிலும் இருக்கிறது. பாம்பின் மேல் எவ்வளவு கடுமையான மருந்தைப் போட்டாலும் அது அங்கே போகாது. பாம்புக்கு மென்மையான சிகிச்சை, பெட்டிக்குக் கடுமையான சுத்தம், இரண்டையும் ஆறு வாரம் விடாமல் செய்வது. இந்த நோய்க்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். கேட்க எளிது. மூன்றாம் வாரத்தில், ஒன்றும் கண்ணில் படாதபோது, விட்டுவிடத் தோன்றும். பலர் தோற்பது அந்த வாரத்தில்தான்.

அந்த இரண்டு மருந்துகள்

ஐவர்மெக்டின் பாம்பு உண்ணிக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். வழக்கமான அளவு ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். உங்கள் பாம்பு ஒன்றரைக் கிலோ என்றால் 0.3 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் ஒரு சதவீத ஊசிமருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. ஆக, தேவை 0.03 மில்லி. ஒரு சொட்டு என்பதே ஏறக்குறைய 0.05 மில்லி. "ஒரே ஒரு சொட்டுதானே" என்று விடும்போதே அளவு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. மருத்துவர் அதை நீர்த்து, எடைபார்த்து, தோலுக்கடியில் ஊசியாகப் போடுவார், இரண்டு வாரம் கழித்து மீண்டும் போடுவார். அப்படிப் போட்டும் சில பாம்புகளுக்கு, குறிப்பாகப் பால் பைத்தான்களுக்கு, நரம்புப் பாதிப்பு வந்ததுண்டு. அதனால் பால் பைத்தானுக்கு அதை என் முதல் தேர்வாக வைத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். ஐவர்மெக்டின் ஆமைக்கு எமன். மூளைக்குள் புகாமல் அந்த மருந்தைத் தடுக்கும் அரண் ஆமையில் சரியாக வேலை செய்வதில்லை, கைகால் செயலிழந்து மூச்சு நின்றுபோகும். பாம்புக்கு அந்த மருந்தை ஸ்பிரேயாகக் கொடுத்தாலும் அதே கையோடு, அதே துணியோடு ஆமையிடம் போகக்கூடாது. மருத்துவரிடம் பேசும்போது, வீட்டில் ஆமை இருக்கிறது என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

கரப்பான் ஸ்பிரேக்களில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள், வாசனைப் பொருட்கள், எரிபொருள் சார்ந்த கரைப்பான்கள் எல்லாம் கலந்திருக்கும். மூடிய பெட்டிக்குள் பாம்பு அதைச் சுவாசிக்கும், கிண்ணத்துத் தண்ணீரோடு குடிக்கும். உடல் நடுங்குவது, தலை ஆடுவது, மல்லாத்திப் போட்டால் திரும்பிப் படுக்க முடியாமல் போவது ஆகியவை நஞ்சின் அறிகுறிகள். யாராவது ஏற்கெனவே அடித்துவிட்டால் பாம்பை வெளியே எடுத்து, வெதுவெதுப்பான ஓடும் நீரில் கழுவி, காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வாயு கசியும் பூச்சிக்கொல்லிப் பட்டைகளைப் பெட்டிக்குள் தொங்கவிடும் பழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. அதையும் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆலிவ் எண்ணெயை இனித் தடவாதீர்கள். உடல் முழுக்க எண்ணெய்ப் பசையோடு, அடியில் கிடக்கும் தூளும் ஒட்டிக்கொண்டு, அடுத்த சட்டையும் சிக்கலாக உரியும்.

நான் சொல்லும் வழி

ஒரு நாளை இதற்கென்று முழுதாக ஒதுக்குங்கள். காற்றுத் துளையுள்ள, மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு தயார் செய்யுங்கள். பாம்புக்கு ஒன்றாக, ஆளுக்கொரு பெட்டி. கார்ன் ஸ்நேக் மேல் உண்ணி தெரியாவிட்டாலும் அதற்கும் சேர்த்தே சிகிச்சை. அடியில் வெறும் வெள்ளை டிஷ்யூ அல்லது அச்சடிக்காத காகிதம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, தண்ணீர்க் கிண்ணம், ஒரு பக்கச் சூடு. இவ்வளவு போதும். பார்க்க ஏழ்மையாகத்தான் இருக்கும். ஆனால் வெள்ளைக் காகிதத்தில் ஓர் உண்ணி நடந்தாலும் தெரியும், அட்டையைத் தூக்கிப்போட்டு வேறு வைக்கலாம்.

பாம்பை 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான நீரில், தலையைச் சிரமமில்லாமல் மேலே வைத்துக்கொள்ளும் ஆழத்தில், அரை மணி நேரம் விடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். களைத்த பாம்பு நீரில் மூழ்கிப்போகவும் கூடும். பிறகு ஈரத்துணியால் தலையையும் தாடையின் அடியையும் மெல்ல ஒற்றி எடுங்கள். கண்ணோரத்தில் இருப்பதைக் குண்டூசியாலோ நகத்தாலோ நோண்டவே கூடாது. அதற்கு மருத்துவர் ஒரு கண் களிம்பு தருவார், இரண்டு மூன்று முறை ஓரத்தில் தடவினால் உள்ளே இருப்பவை மூச்சடைத்துச் சாகும் அல்லது வெளியே வரும். கண்ணின் மேல் பழைய சட்டை ஒட்டியிருந்தாலும் உரிக்காதீர்கள். உண்ணி ஒழிந்து, ஈரப்பதம் சரியானால் அடுத்த சட்டையோடு போய்விடுவதே வழக்கம். அவசரப்பட்டு உரித்துக் கண்ணை இழந்த பாம்புகள் உண்டு.

இனிப் பழைய பெட்டி. அடியில் இருக்கும் தூள் முழுவதையும் பையில் கட்டி, அன்றே வீட்டுக்கு வெளியே. மரத்துண்டு, மரப்பட்டை, பாசி, செயற்கைச் செடி ஆகியவற்றையும் தயங்காமல் எறியுங்கள். அவற்றின் துளைகளுக்குள் நீங்கள் புகுந்து சுத்தம் செய்ய முடியாது. கழுவக்கூடியதை எல்லாம் கொதிநீரில் முக்கியெடுங்கள், 55 டிகிரிக்கு மேல் உண்ணி தாங்காது. பெட்டியின் மூலை, கதவு ஓடும் தடம், மூடியின் வலை, சிலிக்கான் பூசிய இணைப்பு, திருகு ஓட்டை, சூட்டுப் பாயின் அடிப்பக்கம், வெப்பமானியின் ஒயர், அந்தப் பெட்டி நிற்கும் அலமாரி, அதன் பின்சுவர் எல்லாவற்றையும் ஆவிபீச்சியாலோ சோப்புநீர் தூரிகையாலோ தேயுங்கள். ப்ளீச் ஒன்றுக்கு நீர் ஒன்பது என்று கலந்து துடைக்கலாம். ஆனால் ப்ளீச்சை மட்டும் நம்பாதீர்கள். முட்டையை அகற்றுவது சூடும் தேய்ப்பும்தான். கழுவி, வாசனை போகும்வரை காயவிடுங்கள். தரையை வேக்யூம் கிளீனரால் இழுத்துவிட்டு அதன் பையையும் உடனே வெளியே காலி செய்யுங்கள்.

பெட்டிக்கு மருந்து தேவைப்பட்டால், ஊர்வனப் பெட்டிக்கென்றே லேபிளில் எழுதிய பெர்மெத்ரின் ஸ்பிரே ஒன்றை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பாம்பும் தண்ணீர்க் கிண்ணமும் இல்லாத காலிப் பெட்டியில் லேசாக அடித்து, முழுதும் உலர்ந்து, காற்றாடியபின்தான் பாம்பைத் திருப்பி வைக்கவேண்டும். வீட்டில் பூனையோ மீன்தொட்டியோ இருந்தால் பெர்மெத்ரினைத் தவிர்ப்பது நல்லது. இரண்டுக்கும் அது கொடிய நஞ்சு.

பாம்பின் மேல் எந்த மருந்து என்பதை அதை நேரில் பார்த்து, எடைபோட்டுப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி ஸ்பிரேயைத் துணியில் அடித்து, வாயையும் கண்ணையும் தவிர்த்து உடலை ஒருமுறை துடைத்து, சில நிமிடத்தில் கழுவிவிடுவது ஒரு முறை. பாம்பின் மேல் நேராக அடிப்பது தவறு, அதில் ஆல்கஹால் இருக்கிறது. நீர்ச்சத்து குறைந்த பாம்புக்கும், சட்டை உரிக்கப்போகும் பாம்புக்கும், சிறு குட்டிக்கும் இது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நாய்களின் தெள்ளுப்பூச்சிக்கு வந்த அஃபாக்சோலனர், ஃப்ளூராலனர் போன்ற வாய்வழி மருந்துகளையும் ஊர்வன மருத்துவர்கள் சமீப ஆண்டுகளில் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். பாம்புக்கென்று அனுமதி பெற்றவை அல்ல என்பதால் மருத்துவரின் பொறுப்பில்தான் கொடுக்கவேண்டும். எந்த மருந்தும் முட்டையை முழுதாக அழிப்பதில்லை. அதனால்தான் வாரத்துக்கொருமுறை, இரண்டு வாரத்துக்கொருமுறை என்று திரும்பச் செய்யச் சொல்கிறார்கள்.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் சிமிட்டஸ் என்ற வேட்டை உண்ணி, பாம்பைத் தொடாமல் பாம்பு உண்ணியையும் அதன் குஞ்சுகளையும் தின்னும். தோட்டப் பூச்சிக் கட்டுப்பாட்டுக்காக விற்கப்படுவது அது. மண்ணும் செடியுமாக அமைத்த பெட்டியைக் கலைக்க மனமில்லாதவர்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் பூச்சிமருந்து பட்ட பெட்டியில் அதுவும் செத்துப்போகும், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். உங்கள் பாம்பு இரை எடுக்காமல், தண்ணீரை விட்டு வராமல் இருக்கும் நிலையில் இவ்வளவு மெதுவான வழியை நான் சொல்லமாட்டேன்.

அதன் பிறகு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான். இரண்டு நாளுக்கொருமுறை காகிதம் மாற்றுங்கள், வாரம் ஒருமுறை பெட்டியை வெந்நீரில் கழுவுங்கள், அந்த டிஷ்யூ சோதனையைச் செய்யுங்கள். கடைசி உண்ணியைப் பார்த்த தேதியை எழுதிவையுங்கள். அன்றிலிருந்து ஆறு வாரம் ஒன்றும் தெரியாவிட்டால்தான் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஒன்று தெரிந்தால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. அறையில் வேலை செய்யும்போது முதலில் ஆமை, பிறகு கார்ன் ஸ்நேக், கடைசியாகப் பால் பைத்தான். முடித்ததும் கை கழுவி, உடை மாற்றுங்கள்.

இரை எடுக்காததைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நல்ல எடையில் இருக்கும் வளர்ந்த பால் பைத்தான் பல வாரம் சாப்பிடாமல் தாங்கும். வாரம் ஒருமுறை எடைபாருங்கள், கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள், மருந்து போட்ட நாளில் இரை வைக்காதீர்கள். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, வாயின் உட்புறம் வெளுத்திருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வயிற்றுச் செதில்கள் சிவந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாவை இந்த உண்ணி பாம்புக்குப் பாம்பு கடத்தும், அது ரத்தத்தில் கலந்தால் ரத்த இழப்பைவிடப் பெரிய ஆபத்து. போவா, மலைப்பாம்பு வகைகளுக்கு வரும் உட்பொருள் நோய் என்ற வைரஸ் நோயைப் பரப்புவதிலும் உண்ணிக்குப் பங்குண்டு என்ற சந்தேகம் நீண்டகாலமாக இருக்கிறது, உறுதியாகவில்லை. மருத்துவர் அதற்கான பரிசோதனையைச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

மகனின் மணிக்கட்டு

பாம்பைத் தூக்கும்போது அதன் உண்ணி மனிதரையும் கடிக்கக்கூடும். சிறு சிவப்புத் தடிப்பும் அரிப்பும் வரும். மனித உடலில் அது தங்கிப் பெருகாது, பாம்பும் பெட்டியும் சுத்தமானால் கடியும் நின்றுவிடும். ஆனாலும் மணிக்கட்டில் இருப்பது அதுதான் என்று நான் இங்கிருந்து சொல்லக்கூடாது. மணிக்கட்டில் அரிப்போடு புள்ளி வர வேறு காரணங்களும் உண்டு. குழந்தை மருத்துவரிடம் காட்டி, வீட்டில் பாம்பு இருப்பதையும் அதற்கு உண்ணி இருப்பதையும் சொல்லுங்கள். அந்தத் தகவல் இல்லாமல் அவரால் சரியாக யூகிக்க முடியாது. சிகிச்சை முடியும்வரை மகன் பாம்பைத் தொடவேண்டாம். முடிந்தபிறகும், தொட்டதும் சோப்புப் போட்டுக் கைகழுவும் பழக்கம் வேண்டும். சால்மொனெல்லா ஆரோக்கியமான பாம்பிடமும் ஆமையிடமும் இருக்கும். இதைக் கணவரிடமும் சொல்லுங்கள். பாம்பை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு, அதில் நான் தலையிடமாட்டேன். எந்த முடிவானாலும் உண்ணி ஒழிந்தபின் எடுங்கள். இப்போது கொடுத்தால் நோயையும் சேர்த்துக் கொடுப்பதாகும்.

தோழி வீட்டில் விடுவது

அடுத்த மாதம் தோழி வீட்டில் விடக்கூடாது. அவரிடமும் பாம்புகள் இருக்கின்றன. சொல்லாமல் விட்டால் அவர் வீட்டையும் இதே நிலைக்குக் கொண்டுவந்துவிடுவோம். சொல்லியும் அவர் பரவாயில்லை என்றாலும் ஆறு வாரம் முடியாமல் நான் சம்மதிக்கமாட்டேன். கடந்த இரண்டு மாதத்தில் அவர் உங்கள் வீட்டுக்கு வந்து பாம்பைக் கையில் எடுத்திருந்தால், இன்றே போன் செய்து அவருடையதையும் டிஷ்யூவால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சங்கடமாக இருக்கும், ஆனால் பாம்பு வளர்ப்பவர்களுக்குள் இது சகஜமான செய்தி, ஒருவரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார்கள். பயணத்தைத் தள்ளிப்போட முடியாவிட்டால், சொந்தப் பாம்பு இல்லாத ஒருவர் உங்கள் வீட்டுக்கே வந்து காகிதமும் தண்ணீரும் மாற்றட்டும். ஊர்வனங்களுக்குத் தனிமைப்படுத்தும் அறை வைத்திருக்கும் மருத்துவமனை இருந்தால் அங்கே விடுவதும் சரியே.

இனி எந்தப் பாம்பு வந்தாலும் மூன்று மாதம் வேறு அறையில், வெள்ளைக் காகிதத்தின் மேல், தனிக் கிண்ணம் தனிக் குறட்டோடு இருக்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது உண்ணி ஒட்டிய செல்லோடேப்பு, துண்டு துண்டாக உரிந்த சட்டை, கண்ணோரத்தைக் கிட்டத்தில் எடுத்த படம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். இதுவரை தடவியதையும் அடித்ததையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கிளம்பும் முன் இரண்டு பாம்புகளையும் சமையலறைத் தராசு மாதிரி கிராம் காட்டும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை அந்த எண்ணை வைத்துத்தான் போடுவார்கள்.